எழுத்தில் கைச்செலவுக்குச் சம்பாதிப்பது எப்படி? – கேள்வி பதில்

பதினான்கு ஆண்டுகளாகப் பகலில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதிக்கொண்டும், இரவில் இணையவழியாக மொழிபெயர்ப்பு, பிழைதிருத்தம், கட்டுரை ஆகிய வேலைகளைச் செய்துகொண்டும் வருகிறேன். அந்த அனுபவத்தை வைத்து, வந்த கேள்விகளுக்கு என்னால் இயன்றவரை விடையளித்திருக்கிறேன்.

கல்லூரி மாணவி, கோவில்பட்டி: அக்கா, எனக்குக் கதை எழுத வரும். விடுதிச் செலவுக்கு மாதம் ஐயாயிரம் ரூபாய் கிடைத்தால் போதும். எங்கே தொடங்குவது?

கதையையும் கைச்செலவையும் முதலில் பிரித்து வையுங்கள். கதையால் பணம் வராது என்று சொல்லவில்லை. எந்த மாதம் வரும், எவ்வளவு வரும் என்பது நம் கையில் இல்லை, அதுவே சிக்கல். அடுத்த மாத விடுதிக் கட்டணத்துக்கு, ஒருவர் கேட்டு, நாள் குறித்து, கூலி பேசித் தரும் வேலைதான் உதவும். ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கம், விற்பனைத் தளங்களுக்கான பொருள் விவரணை, காணொளிக்கு வசனமும் துணைத்தலைப்பும், மின்னூல் மெய்ப்புத் திருத்தம் ஆகியவற்றுக்குத் தமிழில் ஆள் தேவைப்பட்டுக்கொண்டே இருக்கிறது. வேலை கேட்கும்போது ‘எனக்கு நன்றாக எழுத வரும்’ என்று எழுதுவதைவிட, நீங்களே செய்த இருநூறு சொல் மாதிரிகள் மூன்றை, ஒன்று மருத்துவம், ஒன்று வங்கி, ஒன்று விளம்பரம் என்று வெவ்வேறு துறையில், இணைத்து அனுப்புங்கள். கதை எழுதுவதை நிறுத்திவிட வேண்டாம். அதற்கு வேறு நேரம் ஒதுக்குங்கள்.

இல்லத்தரசி, தஞ்சாவூர்: ஒரு சொல்லுக்கு ஒரு ரூபாய் என்று பேசி ஆயிரம் சொற்களை மொழிபெயர்த்தேன். எழுநூற்று நாற்பது ரூபாய்தான் வந்தது. ஏமாற்றிவிட்டார்களா அம்மா?

ஏமாற்றவில்லை என்றே நினைக்கிறேன். எந்தச் சொல்லை எண்ணுவது என்பதை நீங்கள் பேசாமல் விட்டிருக்கிறீர்கள். ஆங்கிலத்தில் தனித்தனியாக நிற்கும் ‘இன்’, ‘ஃப்ரம்’, ‘வித்’ போன்றவை தமிழில் வேற்றுமை உருபாகச் சொல்லோடு ஒட்டிக்கொள்கின்றன. ‘வீட்டிலிருந்து’ என்பது நமக்கு ஒரு சொல், ஆங்கிலத்தில் ‘ஃப்ரம் தி ஹவுஸ்’ என்று மூன்று சொல். ஆகையால் ஆயிரம் ஆங்கிலச் சொற்கள் தமிழில் எழுநூற்றுச் சொச்சத்தில் அடங்கிவிடுவது வெகு சாதாரணம். உழைப்பு என்னவோ ஆயிரம் சொல்லுக்கானதுதான். எனவே, கூலி பேசும் மின்னஞ்சலிலேயே ‘மூலத்தின் சொல் எண்ணிக்கைப்படி’ என்ற தொடரைச் சேர்த்துவிடுங்கள். நான் இதைக் கற்றுக்கொள்வதற்குள் இரண்டு ஆண்டுகள் ஓடிவிட்டன, அந்த இரண்டு ஆண்டுகளில் போனது போனதுதான்.

வெளிநாட்டு வேலைத் தளங்களின் வழியாக வேலை எடுத்தால் அவற்றின் பிடித்தத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஃபைவர் தளம் நூற்றுக்கு இருபதை எடுத்துக்கொண்டுதான் மீதியைத் தருகிறது.

இளைஞர், அம்பத்தூர்: வீட்டிலிருந்தே பக்கங்களைத் தட்டச்சு செய்தால் வாரம் எட்டாயிரம் தருவதாகச் சொல்லி, முன்பதிவுக்கு இரண்டாயிரம் கேட்கிறார்கள். கட்டலாமா?

கட்டாதீர்கள். வேலை கொடுப்பவர் வேலை செய்பவரிடம் பணம் கேட்பது எந்த ஊரிலும் வழக்கமில்லை. இதே வலையின் இன்னொரு வடிவத்தில் முன்பணமே கேட்க மாட்டார்கள். கையொப்பம் வாங்கிக்கொண்டு வேலையைத் தருவார்கள், பிறகு ‘பிழை அதிகம், ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள்’ என்று வக்கீல் நோட்டீஸ் போன்ற ஒன்றை அனுப்பி அபராதம் கேட்பார்கள். அதற்கு அஞ்சிப் பணம் அனுப்ப வேண்டாம். ஏற்கெனவே அனுப்பியிருந்தால் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை உடனே அழையுங்கள். எவ்வளவு விரைவாகச் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்க வாய்ப்பு உண்டு.

ஓய்வுபெற்ற ஆசிரியர், நாகர்கோவில்: என்னிடம் முப்பது சிறுகதைகள் உள்ளன. கிண்டிலில் போடுவதா, பிரதிலிபியில் போடுவதா?

ஐயா, இரண்டும் வெவ்வேறு சந்தைகள். அமேசானின் கே.டி.பி., அதாவது கிண்டில் மின்னூலை எழுத்தாளரே வெளியிட உதவும் தளம், 2016 இறுதியிலிருந்து தமிழ் மின்னூல்களை ஏற்கிறது. நூலை நீங்களே ஏற்றி, விலையையும் நீங்களே வைக்கலாம். உரிமைத்தொகை விற்பனை விலையில் நூற்றுக்கு 35 அல்லது 70. இந்திய விற்பனைக்கு அந்த 70 வேண்டுமென்றால் ‘கே.டி.பி. செலக்ட்’ திட்டத்தில் சேர்ந்தாக வேண்டும். சேர்ந்தால், தொண்ணூறு நாள்களுக்கு அந்த மின்னூல் வேறெங்கும், உங்கள் சொந்தத் தளத்தில்கூட, இருக்கக் கூடாது. நீங்கள் நிறுத்தாவிட்டால் அந்தத் தவணை தானாகவே புதுப்பிக்கப்பட்டுக்கொண்டும் போகும். பிரதிலிபியில் கதையை விட்டுவைத்துக்கொண்டே இதில் சேர்ந்து, பிறகு எச்சரிக்கைக் கடிதம் வந்து விழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதே திட்டத்தின் வழியாக, மாதச் சந்தா செலுத்தும் வாசகர்கள் படிக்கும் பக்கங்களுக்கும் பணம் வருகிறது. ஒரு மாத வருமானம் ஏறக்குறைய இரண்டு மாதம் கழித்தே கணக்கில் சேரும்.

2014-இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட பிரதிலிபியில் வாசகர் வேறு. கைப்பேசியில் அத்தியாயம் அத்தியாயமாகப் படிப்பவர்கள் அவர்கள். தொடர்கதைக்கே அங்கு மவுசு. சந்தாவும், செயலிக்குள் காசு கொடுத்து வாங்கும் நாணயமும் செலுத்தி அடுத்த அத்தியாயத்தைத் திறக்கிறார்கள், அதில் எழுத்தாளருக்குப் பங்கு வருகிறது. வாரம் இரண்டு அத்தியாயம் தவறாமல் தர இயலாதவருக்கு அந்த இடம் ஒத்துவராது. உங்கள் முப்பது சிறுகதைகளும் முடிந்த படைப்புகள் என்பதால் தொகுப்பாகக் கிண்டிலுக்கே அனுப்புவேன். முன்னட்டைக்கும் மெய்ப்புக்கும் கொஞ்சம் செலவழியுங்கள். சொந்தக்காரர்கள் வாங்கி முடித்த பிறகு நூல் நிற்பதும் படுப்பதும் அட்டையைப் பொறுத்தே இருக்கிறது.

அஞ்சல் துறை ஊழியர், விழுப்புரம்: மத்திய அரசுப் பணியில் இருப்பவர் எழுதிப் பணம் பெறலாமா?

மத்தியக் குடிமைப் பணி நடத்தை விதிகள், 1964-இன் 15-ஆவது விதி, அலுவல் கெடாத வரையில், இலக்கியம், கலை, அறிவியல் சார்ந்த பணியை அவ்வப்போது செய்ய இடமளிக்கிறது. சிறுகதைக்குச் சன்மானம் வாங்குவது அதற்குள் அடங்கும். ஒரு நிறுவனத்துக்கு மாதாமாதம் விளம்பர வாசகம் எழுதிக் கொடுப்பது அடங்காது. அது வேறொரு வேலையாகக் கருதப்படும் என்பதால் முன் அனுமதியை எழுத்தில் பெறுங்கள். பணியில் கைக்கு வந்த தகவல் எதையும் எழுத்தில் கொண்டுவராதீர்கள்.

இளம் எழுத்தாளர், மதுரை: ஓர் இணைய இதழ் கட்டுரைக்கு ஐந்நூறு ரூபாய் தந்தது. இப்போது அதை என் நூலில் சேர்க்கக் கூடாது என்கிறது. ஒப்பந்தம் எதிலும் நான் கையெழுத்திடவில்லை.

அப்படியானால் உரிமை உங்களுடையதே. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும், உரியவர் கையொப்பம் இட்டிருக்க வேண்டும் என்று 19-ஆவது பிரிவில் தெளிவாகச் சொல்கிறது. ஐந்நூறு ரூபாயை வாங்கிக்கொண்டதால் அவர்களுக்குக் கிடைத்தது, கட்டுரையைத் தங்கள் இதழில் வெளியிடும் இசைவு மட்டுமே. நீங்கள் அங்கே சம்பளத்துக்கு வேலை பார்த்திருந்தால் கதை வேறு.

இனிமேல் கையெழுத்திடப் போகிறவர்களும் அந்தப் பிரிவைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. காலம் குறிப்பிடாமல் எழுதிக்கொடுத்தால் ஐந்து ஆண்டுகள் என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். வாங்கியவர் ஓராண்டுக்குள் அதைப் பயன்படுத்தவில்லை என்றால், ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாதபோது, உரிமை உங்களிடமே திரும்பிவிடும். ஆகவே ‘நிரந்தரமாக’, ‘உலகெங்கும்’, ‘எல்லா வடிவங்களிலும்’ ஆகிய மூன்றும் ஒரே வரியில் வரும் தாளை மட்டும் அன்றே கையெழுத்திடாமல், ஓர் இரவு வைத்திருந்து பாருங்கள். ஒலிநூலுக்கும் திரைக்கும் உரிய பணம் அந்த வரியில்தான் போகிறது.

தனியார் ஊழியர், ஓசூர்: பத்தாயிரத்துக்குக் கட்டணப் பட்டியல் அனுப்பினால் ஒன்பதாயிரம்தான் வந்தது. இந்தக் காசுக்கும் வரியா?

பிடிக்கப்பட்ட ஆயிரம் டி.டி.எஸ்., அதாவது பணம் தருபவரே முன்கூட்டிப் பிடிக்கும் வருமான வரி. ஆண்டுத் தொகை ஒரு வரம்பைத் தாண்டும்போது எழுத்துப் பணிக்கான கட்டணத்தில் நூற்றுக்குப் பத்து பிடித்து, உங்கள் பான் எண்ணில் அரசுக்குச் செலுத்துவார்கள். பான் எண் தராதவருக்கு இருபது. அது உங்கள் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று வருமான வரித் தளத்தில் உள்ள உங்கள் ஆண்டு வரிக்கணக்கு அறிக்கையில் பாருங்கள். நீங்கள் கட்ட வேண்டிய வரி அதைவிடக் குறைவு என்றால், கணக்குத் தாக்கல் செய்து மீதியைத் திரும்பப் பெறலாம். தாக்கல் செய்யாமல் அந்தப் பணத்தை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். கிண்டிலில் அமெரிக்க விற்பனைக்கு அவர்கள் முப்பது விழுக்காடு பிடிப்பார்கள். வரி விவரப் பக்கத்தில் பான் எண்ணைக் கொடுத்து இந்திய–அமெரிக்க உடன்படிக்கையைக் கோரினால் அது பதினைந்தாகக் குறையும்.

பெயர் வேண்டாம் என்றவர்: ஒரு தொழிலதிபரைப் பற்றி விக்கிப்பீடியாவில் கட்டுரை எழுதினால் பணம் தருவதாகச் சொல்கிறார்கள்.

பணம் பெற்று எழுதுவதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. மறைத்து எழுதினால் கட்டுரையும் போகும், உங்கள் கணக்கும் போகும், தந்த பணத்தை அவர் திரும்பக் கேட்பார்.

பட்டதாரி, சேலம்: செயற்கை நுண்ணறிவே மொழிபெயர்த்துவிடுகிறதே, இனி நமக்கு என்ன வேலை?

வேலை இருக்கிறது, கூலி குறைந்திருக்கிறது. இயந்திரம் தந்த வரைவைச் செப்பனிடச் சொல்லி, முழு மொழிபெயர்ப்புக்கான கூலியில் ஒரு பகுதியை மட்டும் தரும் நிறுவனங்கள் பெருகிவிட்டன. அதை ஏற்பதற்கு முன் மாதிரியாக முந்நூறு சொற்களைத் திருத்திப் பார்த்து, ஆன நேரத்தைக் கணக்கிடுங்கள். தமிழில் பல சமயம் வரைவைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக எழுதுவதே விரைவாக முடிகிறது. அப்படி என்றால் முழுக் கூலி கேளுங்கள். கே.டி.பி.யில் இயந்திரம் எழுதிய உரையை ஏற்றினால் அதைத் தெரிவிக்க வேண்டும் என்ற விதி 2023 முதல் இருக்கிறது.

அதே மாணவி, கோவில்பட்டி: அக்கா, நான் அனுப்பிய கோப்பு தமிழாக இல்லாமல் ஆங்கில எழுத்தும் குறியுமாகத் தெரிகிறது என்று திருப்பிவிட்டார்கள்.

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருப்பீர்கள். எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறைக்கு மாறி, தமிழ்99 விசைப்பலகையைப் பழகுங்கள்; இரண்டு வாரம் கை தடுமாறும். அதுவரை, எழுதியதை இணையத்தில் கிடைக்கும் எழுத்துரு மாற்றியில் போட்டு, ‘கொ’, ‘கோ’, ‘கௌ’ போன்ற எழுத்துகள் உடையாமல் வந்திருக்கின்றனவா என்று ஒரு முறை பார்த்து, இன்றே மறுபடி அனுப்பிவிடுங்கள்.