வாசகர் கேள்வி - பதில்: கென்யாவுக்குச் சேவை செய்யப் போகும் முன்

ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவள், வயது 62. டிசம்பரில் ஒரு குழுவோடு கென்யாவின் கிசுமு பக்கம் ஒரு குழந்தைகள் இல்லத்தில் மூன்று வாரம் தங்கி, ஆங்கிலமும் கணக்கும் சொல்லித்தரப் போகிறோம். வெளிநாட்டுப் பயணம் இதுவே முதல்முறை. எதிலிருந்து தொடங்குவது?
– வாசகி, தேவகோட்டை

டிக்கெட் எடுத்துவிடாதீர்கள் அம்மா. டிசம்பரில் அங்கே பள்ளிகளுக்கு நீண்ட விடுமுறை. ஜனவரியில்தான் புதிய கல்வியாண்டு. பிப்ரவரிக்குத் தள்ளிவையுங்கள்.

அதற்குள் அந்த இல்லத்தைத் துருவி விசாரியுங்கள். புதிய குழந்தைகள் இல்லங்களைப் பதிவு செய்வதை அந்நாட்டு அரசு 2017 நவம்பரில் நிறுத்தியது. 2022-ல் வந்த பத்தாண்டுத் திட்டம், இல்லத்துப் பிள்ளைகளைக் குடும்பத்தோடு சேர்க்கச் சொல்கிறது. ஆகவே ‘போன வருஷம்தான் ஆரம்பித்தோம்’ என்று சொன்னால் அந்தப் பேச்சையே விட்டுவிடுங்கள். நன்கொடை வருகிறதென்பதற்காகத் தாய் தகப்பன் உள்ள பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளும் இல்லங்கள் பல நாடுகளில் உண்டு. பதிவு விவரம் கேளுங்கள். உறவினர் வந்து பார்க்கிறார்களா என்று கேளுங்கள். குற்ற வழக்கு இல்லை என்ற காவல்துறைச் சான்றை உங்களிடம் கேட்காத இல்லம் யாரையும் உள்ளே விடும் இல்லம்தான்.

அந்தச் சான்றுக்கு பாஸ்போர்ட் சேவா இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம், கட்டணம் 500 ரூபாய். பாஸ்போர்ட்டில் ஒரு முகவரி, குடியிருப்பது வேறு வீடு என்றால் விசாரணை இழுக்கும். சுற்றுலாவுக்கான இ.டி.ஏ. என்ற இணையவழிப் பயண அனுமதியில் போய்ப் பாடம் நடத்தக் கூடாது, சம்பளம் வாங்காவிட்டாலும். தனி அனுமதிக்கு அழைக்கும் நிறுவனமே ஏற்பாடு செய்ய வேண்டும்.

அடுத்தது ஊசி. பலர் கோட்டை விடுவது இங்கேதான். இந்தியாவிலிருந்து நேராகப் போகிறவர்களிடம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றைக் கென்யா கேட்பதில்லை. திரும்பி வரும்போது நம் விமான நிலையத்தில் கேட்பார்கள். இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்று செல்லுபடியாகும். பிறகு ஆயுளுக்கும் போதும். கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். ஆனால் இது உயிருள்ள கிருமியிலிருந்து செய்த ஊசி. 60 வயதுக்கு மேல் முதல்முறை போடுவோருக்குக் கடும் பக்கவிளைவு வரும் வாய்ப்பு கூடுதல். முட்டை ஒவ்வாமை இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். மருத்துவர் வேண்டாம் என்றால் வேறு நாட்டைப் பாருங்கள்.

நைரோபியில் மலேரியா குறைவு, கிசுமுவில் அதிகம். மலேரியா தடுப்பு மாத்திரையை ஊர் திரும்பியதும் நிறுத்திவிட்டால் பிறகு காய்ச்சல் வரலாம். டாக்ஸிசைக்ளின் என்றால் வந்த பிறகும் நான்கு வாரம், அடோவகுவோன்-புரோகுவானில் என்றால் ஏழு நாள் தொடர வேண்டும்.

வேலை என்று பார்த்தால், மூன்று வாரத்தில் பிள்ளைகள் உங்களிடம் ஒட்டிக்கொள்வார்கள், நீங்கள் கிளம்பிவிடுவீர்கள். அடுத்த குழு வந்தால் மறுபடியும் அதே கதை. வகுப்பை அங்குள்ள ஆசிரியரே நடத்தட்டும். வாய்ப்பாட்டு அட்டை, பின்னக் கணக்குக்கான காகித வட்டங்கள் என்று அவரோடு உட்கார்ந்து செய்துகொடுங்கள். உங்கள் அனுபவம் அங்கே தங்கும்.

பழைய துணி, பொம்மை, நம் ஊர்ப் பலகாரம் கொண்டுபோகலாமா?
– வாசகர், காரைக்குடி

பழைய துணி வேண்டாம். அங்கே ‘மிடும்பா’ என்று சந்தை சந்தையாகக் குவிந்து கிடக்கிறது. நோட்டுப் புத்தகத்தையும் அங்கேயே வாங்கினால் உள்ளூர்க் கடைக்காரருக்கும் வியாபாரம். சீப்புச் சீடை, மணகோலம் கொஞ்சம் எடுத்துக்கொள்ளுங்கள், பெரியவர்களுக்கு. பிள்ளைகளுக்கு எதையும் நேரே கொடுக்காமல் பொறுப்பாளரிடம் கொடுங்கள்.

மசாலாப் பொடி கட்டும்போது கவனம்: கசகசா சேர்ந்த எதையும் துபாய் வழிப் பயணத்தில் வைக்காதீர்கள், ஐக்கிய அரபு அமீரகத்தில் அது தடை செய்யப்பட்ட பொருள். கடையில் தரும் பிளாஸ்டிக் பைகளுக்குக் கென்யாவிலேயே 2017 முதல் தடை. மஞ்சப்பைக்கு வேலை வந்துவிட்டது!

குழந்தைகளோடு எடுத்த படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடலாமா?
– வாசகி, கண்டனூர்

கூடாது. நன்கொடையாளருக்குக் காட்டியே ஆக வேண்டுமென்றால் கட்டடத்தையோ, பிள்ளைகள் வரைந்த படத்தையோ எடுங்கள். சட்டைப் பையில் உள்ள பள்ளிச் சின்னமும் ஃபோனின் லொகேஷனுமே ஒரு பிள்ளை எங்கே இருக்கிறது என்று காட்டிக்கொடுத்துவிடும். கிளம்பும் முன் கேமரா செட்டிங்ஸில் லொகேஷனை அணைத்துவிடுங்கள்.