36 மணி நேர டூட்டியா, நைட் ஷிப்டா?

கேள்வி: டெல்டா மாவட்டத்து மருத்துவக் கல்லூரி ஒன்றில் பொது மருத்துவம் முதலாண்டு படிக்கிறேன். மொத்தம் எட்டு பி.ஜி.க்கள் (முதுநிலை மாணவர்கள்). நாலு நாளுக்கு ஒருமுறை இரண்டு பேர் இரண்டு பேராக டூட்டி. காலை எட்டுக்கு உள்ளே போனால் மறுநாள் மாலைதான் வெளியே வருகிறோம். நைட் ஷிப்டாக மாற்றத் துறைத்தலைவர் சம்மதிக்கிறார். சீனியர்களோ, "கேஸைத் தொடர்ந்து பார்க்காமல் என்ன கற்றுக்கொள்வீர்கள்?" என்கிறார்கள். எது நல்லது?

பதில்: சீனியர்கள் சொல்வதில் பாதி உண்மை. அதை முதலில் பேசிவிடுவோம்.

நான் பி.ஜி.யாக இருந்தபோது, தை அறுவடை சமயம். களத்தில் நெல் காவலுக்குப் படுத்திருந்தவரை இரவு இரண்டு மணிக்கு வயிற்றுவலி என்று கூட்டி வந்தார்கள். பாம்பு கடித்திருக்குமோ என்று பார்த்தால், கடிவாய் தெரியவில்லை. கண்ணாடிக் குழாயில் எடுத்துவைத்த ரத்தம் இருபது நிமிடத்தில் ஒழுங்காக உறைந்திருந்தது. எனக்குக் கட்டுவிரியன் மேல் சந்தேகம். அது கடித்தால் ரத்தம் உறையத்தான் செய்யும், அடிபடுவது நரம்பு. அரை மணிக்கு ஒருமுறை மேலே பார்க்கச் சொல்லி, இமை சரிகிறதா என்று கவனித்துக்கொண்டிருந்தேன். அன்று எனக்குக் காய்ச்சல் என்பதால் காலை எட்டுக்கே ஆள் மாறினேன். "வயிற்றுவலி, ஸ்டேபிள்" என்று வாயால் சொன்னதோடு சரி. இமையைப் பற்றிச் சொல்லவில்லை. பத்து மணிக்கு அவரால் எச்சில் விழுங்க முடியவில்லை. செவிலியர் ஒருவர் கவனித்ததால் வென்டிலேட்டரில் போட்டுக் காப்பாற்ற முடிந்தது.

ஷிப்டில் உள்ள ஆபத்து இதுதான். ஆனால் அதற்காக 36 மணி நேரம் விழித்திருப்பது தீர்வாகாது. 24 மணி நேரம் தூங்காதவரின் மூளை, மது குடித்தவரின் மூளையைப் போலத்தான் தடுமாறும். 2004இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், தீவிர சிகிச்சைப் பிரிவில் நீண்ட டூட்டி பார்த்த பயிற்சி மருத்துவர்கள் 36 சதவீதம் கூடுதலாகக் கடுமையான பிழைகள் செய்தார்கள். அடுத்த ஆண்டு வந்த இன்னொரு ஆய்வின்படி, அப்படி டூட்டி முடித்து வீட்டுக்கு வண்டி ஓட்டும்போது விபத்து வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல். நானே புது ஆற்றங்கரைச் சாலையில் கண்ணசந்து, லாரி ஹாரன் கேட்டு விழித்திருக்கிறேன்.

ஷிப்ட் போட்டாலே எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைக்காதீர்கள். 2020இல் வெளியான ஆய்வில், அமெரிக்காவில் குழந்தைகளுக்கான ஆறு தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நீண்ட டூட்டியை நீக்கிப் பார்த்தபோது பிழைகள் கூடின. ஒரு மருத்துவர் தலையில் விழுந்த நோயாளிகளின் எண்ணிக்கையும் அங்கே கூடியிருந்தது. ஆள் கணக்கு பார்க்காமல் ரோஸ்டர் (டூட்டிப் பட்டியல்) போட்டால் நம் வார்டிலும் அதுதான் நடக்கும்.

உங்களுக்கு எட்டுப் பேர் இருப்பதால் தாராளமாகச் செய்யலாம். இரண்டு பேர் தொடர்ந்து ஆறு இரவு, எட்டு முதல் எட்டு வரை. மொத்தம் 72 மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம். பகலில் மீதி ஆறு பேர், அவர்களில் இருவர் இரவு எட்டு வரை இருக்கட்டும். ஏழாவது இரவைப் பகல் ஆட்களில் இருவர் பார்த்துவிட்டு மறுநாள் ஓய்வெடுக்கலாம். ஒருவருக்கு நாலு வாரத்துக்கு ஒரு வாரம்தான் தொடர் இரவு வரும். ஓர் இரவு இங்கே, ஓர் இரவு அங்கே என்று சிதறப் போடாதீர்கள், உடம்பு எதற்குமே பழகாது. விடியற்காலை மூன்று முதல் ஐந்துதான் மிக மோசமான நேரம். அதற்கு முன்பே ஒருவர் மாற்றி ஒருவர் இருபது நிமிடம் படுத்து எழுங்கள். இரவு ஆட்கள் காலை ரவுண்ட்ஸில் தாங்கள் சேர்த்த கேஸ்களை மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பட்டும். கற்பது அந்த அரை மணியில் நடக்கும்.

ஹேண்ட் ஓவர், அதாவது அடுத்து வருபவரிடம் நோயாளியை ஒப்படைப்பது, கட்டாயம் எழுத்தில் இருக்க வேண்டும், நோயாளியின் படுக்கை அருகே நின்று கொடுக்க வேண்டும். நோய் என்ன என்பதோடு, அடுத்து எதற்குப் பயப்பட வேண்டும், அது நடந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரி. "இமை சரிந்தால் உடனே கூப்பிடு" என்று நான் எழுதியிருக்க வேண்டிய வரி அது.

லீவு, பரீட்சை என்று நாலு பேராகிவிட்டால் நைட் ஷிப்ட் ஓடாது. அப்போது 24 மணி நேர டூட்டியே இருக்கட்டும், ஆனால் மறுநாள் காலை ஹேண்ட் ஓவர் முடிந்ததும் அறைக்குப் போய்விட வேண்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். நியாயமான வேலை நேரமும் ஓய்வும் தர வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 விதியே சொல்கிறது. அதன் நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

துறைத்தலைவரிடம் போகும்போது இரண்டு மாத ரோஸ்டரை எழுதியே கொண்டுபோங்கள். பொங்கல் வாரத்தில் மட்டும் தொடங்க வேண்டாம். பாதிப் பேர் ஊருக்குப் போயிருப்பார்கள், அறுவடையும் அப்போதுதான்.