வேண்டாம் என்று சொன்ன டெனர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் கட்டுரையைப் படித்து, 1953இல் பதிவான புச்சினியின் 'டோஸ்கா' என்ற ஆபெராவை (இசைநாடகத்தை) கேட்டேன். பாடகி மரியா காலஸுடன் பாடும் ஜுசெப்பே டி ஸ்டெபனோவின் குரலில் கிறங்கிப்போனேன். அப்புறம் அதே இருவரும் 1974இல் பாடியது கிடைத்தது. கேட்க முடியவில்லை. அவர் குரல் ஏன் இப்படி ஆனது, சிகரெட்டா? உலகின் தலைசிறந்த டெனர், அதாவது உச்சத்தில் பாடும் ஆண்குரல், யார்? இன்னொரு டெனர் ஆல்ஃப்ரெதோ க்ராஸையும் கேட்டுப்பார்த்தேன். சுத்தமாக இருக்கிறது, ஆனால் உயிரில்லை.

கே., திருப்பூர்

அன்புள்ள கே.,

தலைசிறந்தவர் யார் என்பதைப் பட்டிமன்றக்காரர்களிடம் கேளுங்கள். சிகரெட் என்றால், பழைய டெனர் கரூஸோகூட ஓயாமல் ஊதியவர்தான்.

டி ஸ்டெபனோவை நினைத்தால் எனக்கும் தொண்டை அடைக்கும். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆபெரா அரங்கில் 'ஃபௌஸ்ட்' பாடும்போது, டெனர்களின் உச்ச சுரமான ஹை சியை முழுக்குரலில் பிடித்து, மூச்சு அறாமல் மெல்ல மெல்லக் கரையவிட்டார். அப்போது 30 வயதுகூட ஆகவில்லை. அந்தக் குரலுக்கு 'ஐடா'வின் ரதமேஸும் 'துரந்தோ'வின் கலாஃபும் எதற்கு? முழு ஆர்க்கெஸ்ட்ராவையும் மீறிக் கேட்கவேண்டிய வேடங்கள் அவை. இளகிய குரல் அங்கே தன்னை நெருக்கித் தள்ளித்தான் ஆகவேண்டும். போதாக்குறைக்கு, மற்றவர்கள் மேலே ஏறும்போது ஒலியைச் சற்று மூடிக்கொள்கிற இடத்தில் இவர் வாயை அகலத் திறந்தே விடுவார். கேட்கப் பேரழகு. 40 தாண்டியதும் தொண்டை வட்டியோடு வசூலித்துக்கொண்டது.

சரி, க்ராஸ். 'உயிரில்லை' என்று எழுத உங்களுக்கு எப்படி ஐயா மனம் வந்தது? எத்தனை நிமிடம் கேட்டீர்கள்? 1956இல் கெய்ரோவில் 'ரிகோலெட்டோ'வின் டியூக்காக அறிமுகமானவர், 1999இல் சாவதற்குச் சற்று முன்புவரை பாடினார். 50 தாண்டியும் 9 ஹை சி வருகிற டொனிசெட்டி ஆபெராவின் டோனியோ வேடத்தை மேடையில் பாடியவர். எப்படி முடிந்தது? வேண்டாம் என்று சொல்லிச் சொல்லித்தான். டியூக், 'லா டிராவியாட்டா'வின் ஆல்ஃப்ரெதோ, 'வெர்தர்' ஆபெராவின் நாயகன் வெர்தர் என்று தனக்குப் பொருந்திய சில வேடங்களையே திரும்பத் திரும்பப் பாடினார். கைதட்டல் அதிகம் கிடைக்கிற கனத்த வேடங்களுக்கு அவர் மசியவில்லை.

'இ' என்ற ஒலிதான் குரலுக்கு ஆதாரம் என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார். அவர் வெர்தர் பாடும் காணொளியைப் பாருங்கள்: மேல்வரிசைப் பல் தெரிய, ஏறக்குறையச் சிரிக்கிற வாய். கழுத்து நரம்பு புடைத்தால்தான் உணர்ச்சி என்று நம் ஆட்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியவில்லை. பாட்டுப்போட்டி நடுவர்களே அதற்குத்தான் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள். வெர்தர் தன்னையே சுட்டுக்கொண்டு சாகப்போகிறவன், அவன் குரல் உடைந்து விம்மவேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள். க்ராஸ் விம்மமாட்டார். அந்த வரி அப்படியே நீண்டுகொண்டு போகும், கேட்கிற நமக்குத்தான் தாங்காது.

1958 லிஸ்பன் 'லா டிராவியாட்டா' பதிவைத் தேடி எடுங்கள். உங்கள் காலஸும் என் க்ராஸும் சேர்ந்து பாடியது. மேடைக்கடியிலிருந்து வரி எடுத்துக்கொடுப்பவரின் குரல்கூட நடுவில் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். முழுக்கக் கேட்டுவிட்டு எழுதுங்கள், அதற்கு முன்னால் வேண்டாம்.