மிஷன் பயணம் போனால் தாழ்மை வருமா?

வெளிநாட்டு ஊழியம் போய் வந்தவர்கள் எல்லாரும் ‘தாழ்மையைக் கற்றுக்கொண்டேன்’ என்று சாட்சி சொல்கிறார்களே, அங்கே அப்படி என்னதான் நடக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் மைக்கைப் பிடித்து அப்படிச் சொன்னவன்தான். அன்றைக்குச் சொல்லாமல் விட்டதை எழுதுகிறேன்.

எனக்கு ஊர் மட்டக்களப்பு. 1814இல் மெதடிஸ்ட் மிஷனரி வில்லியம் ஓல்ட் கப்பல் பயணத்திலேயே மனைவியைப் பறிகொடுத்துவிட்டு இங்கே வந்து, ஒரு வருடம் முடியுமுன் தானும் இறந்துபோனார். அன்றிலிருந்து எங்களிடம் ஆட்கள் வருவதுதான் வழக்கம், நாங்கள் கிளம்பிப் போவது கொஞ்சம் புதுசு. 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்துக்குப் பிறகு, நவம்பரில் எங்கள் சபையிலிருந்து ஏழு பேர் நேபாளம் போனோம். சுனாமியையே பார்த்தவர்கள் நாங்கள், எங்களுக்குத் தெரியாததா என்ற நினைப்பு எல்லாருக்குள்ளும் இருந்தது.

போன இடம் சிந்துபால்சோக் மாவட்டம், அழிவு மிக மோசமாக இருந்த பகுதி. மதம் மாற்றுவதைப் புது அரசியலமைப்பு தடை செய்திருக்கிறது, அதனால் பிரசங்கம் எல்லாம் வேண்டாம், கூரைத் தகரம் சுமந்தால் போதும் என்று அங்குள்ள சபைக்காரர்கள் முதல் நாளே சொல்லிவிட்டார்கள். (அவர்களுக்கு ஆராதனை சனிக்கிழமை. ஞாயிறு காலை நாங்கள் மட்டும் நல்ல உடுப்புப் போட்டுக்கொண்டு நின்றோம்.) அந்த மாதங்களில் இந்திய எல்லை வழியாக எரிபொருள் வரவில்லை, லொறி அடிவாரத்திலேயே நின்றுவிட்டது. மிச்சம் நடை. எங்களுக்கு ஏற்றம் என்றால் கல்லடிப் பாலம்தான், அதையும் சைக்கிளில் மூச்சு வாங்கித்தான் ஏறுவோம். நான் இரண்டு தகரத்தை வைத்துக்கொண்டு திணற, அம்மா வயசில் ஒரு பெண் முதுகுச் சுமையைத் தாங்கும் நாம்லோ பட்டையை நெற்றியில் மாட்டி என்னைவிட இரண்டு மடங்கு சுமையோடு தாண்டிப் போனார். திரும்பிப் பார்த்துச் சிரித்தார் வேறு.

இதெல்லாம் வெட்கம், அவ்வளவுதான், தாழ்மை என்று சொல்லமாட்டேன். அடுத்து நடந்ததுதான் விஷயம்.

மேலே போனதும் அதே பெண் தார்ப்பாய்க் கொட்டிலுக்குள் விறகு மூட்டி, பால் தேநீர் போட்டு, ஏழு ஸ்டீல் டம்ளரில் கொண்டுவந்தார். வெளித்தண்ணீர் குடிக்கக்கூடாது என்று புறப்படும்போதே எங்களுக்குக் கண்டிப்பான உத்தரவு. நான் சிரித்தபடி என் தண்ணீர்ப் போத்தலைத் தூக்கிக் காட்டினேன், வேண்டாம் என்கிற மாதிரி.

காட்டிய கை அப்படியே நின்றுவிட்டது. 2005இல், நாவலடியில் இருந்த எங்கள் வீடு சுனாமியில் போய் முகாமில் இருந்தபோது, வெளிநாட்டிலிருந்து ஒரு குழு வந்தது. நல்ல மனிதர்கள், குறை சொல்லவில்லை. உடுப்புப் பொதி தந்தார்கள், அதற்குள் குளிர்நாட்டு ஜாக்கெட் ஒன்றும் இருந்தது, மட்டக்களப்பு வெயிலுக்கு! அம்மா எங்கேயோ சீனி கடன் வாங்கி பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தா. அவர்களும் இதே மாதிரித்தான் சிரித்துக்கொண்டு போத்தலைக் காட்டினார்கள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஆறு கப்பையும் தட்டோடு உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு, அன்று முழுக்க யாரோடும் பேசவில்லை.

யோவான் 13ஐ வைத்துப் பிரசங்கம் செய்பவர்கள் இயேசு சீஷர்களின் கால் கழுவியதையே பேசுவார்கள். எனக்கு இப்போது அதில் பேதுருதான் பெரிதாகத் தெரிகிறார், என் காலைக் கழுவவே கூடாது என்று முரண்டு பிடித்தாரே, அவர். கொடுக்கிற இடத்தில் இருக்க எனக்கும் நன்றாகத் தெரியும். ஒன்றுமில்லாத ஒருவர் நீட்டுவதை வாங்கத்தான் கை வரவில்லை.

சரி, டம்ளரை வாங்கிக் குடித்தேன். உப்புப் போட்டிருந்தார்களோ என்னவோ, ருசி பிடிபடவில்லை. இரண்டாவது டம்ளரும் ஊற்றினார், அதையும் குடித்தேன்.

அப்புறம் இரண்டு நாள் வயிறு கலங்கி அதே கொட்டிலில் சுருண்டு கிடந்தேன். அந்த இரண்டு நாளும் என் பங்குத் தகரத்தை யார் சுமந்தார் என்று மட்டும் கேட்காதீர்கள்.