காது மெஷினை முதலில் போட்டுவிடுங்கள்
ஆபரேஷனுக்குப் பிறகு அப்பா ராத்திரியில் குழம்பிப்போய் டிரிப்ஸைப் பிடுங்குகிறார், நர்ஸ் கத்திச் சொன்னாலும் புரியவில்லை என்கிறீர்கள். தியேட்டருக்குள் போகும்போது கழற்றிய காது மெஷினும் கண்ணாடியும் இன்னும் பையிலேயே கிடக்கின்றனவே, முதல் வேலையாக அவற்றைப் போட்டுவிடுங்கள். கண்ணும் காதும் மங்கிய பெரியவர்களுக்கு ஆஸ்பத்திரியில் இந்தக் குழப்பம் எளிதில் வரும். ஆனாலும் டியூட்டி டாக்டரிடம் இப்போதே சொல்லுங்கள். தொற்று, சோடியம் குறைவு, மூத்திர அடைப்பு என எதனாலும் இப்படி ஆகலாம்.

கத்துவது பயன்படாது. வயதானவர்களுக்குக் கீச்சொலிகள்தான் முதலில் கேட்காமல் போகும். கத்தினால் சொல் சிதைந்துதான் காதில் விழும். முகத்தில் வெளிச்சம் படும்படி எதிரே நின்று, கீச்சிடாத கனத்த குரலில், நிறுத்தி நிதானமாகப் பேசச் சொல்லுங்கள். மெஷின் விசிலடித்தால் காதில் சரியாக உட்காரவில்லை, அல்லது குறும்பி அடைத்திருக்கிறது. எந்தக் காதில் பேச வேண்டும் என்று தலைமாட்டில் பெரிய எழுத்தில் ஒட்டிவிடுங்கள், ஷிப்ட் மாறி வருபவர்களுக்கும் தெரியும்.