மடியிலிருந்து எழுந்துபோனது தப்பா?

கேள்வி: அக்கா, குடியாத்தம் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. நான் ஆம்பூரில் ஷூ கம்பெனிக்குப் போகிறேன். வீட்டுக்காரர் பெங்களூரில் டிரைவர், மாதம் ஒருமுறை வருவார். பெண்ணுக்கு 12 வயது. ஆவணியில் வயசுக்கு வந்தாள், சடங்கெல்லாம் நல்லபடியாகச் செய்தோம். பையனுக்கு 15. பொங்கலுக்கு வந்திருந்த பெரியப்பா முறை ஒருவர், சின்ன வயதில் செய்தது போலவே அவளை இழுத்து மடியில் உட்காரவைத்தார். அவள் கையைத் தட்டிவிட்டு எழுந்து போய்விட்டாள். ‘பெரியவங்ககிட்ட இன்னா மரியாதை இது’ என்று எல்லோர் முன்னாலும் அவளைத் திட்டிவிட்டேன். அன்றிலிருந்து என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. வைகாசியில் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு அவர் மறுபடி வருவார். பையனோ எப்போதும் போனும் கையுமாக இருக்கிறான். ஒரு நாள் அதில் பார்க்கக் கூடாத வீடியோ ஓடியதைப் பார்த்துவிட்டேன். பிள்ளைகளிடம் இதையெல்லாம் எப்படிப் பேசுவது? பேசினால்தான் கெட்டுப்போவார்கள் என்கிறார் மாமியார்.
– பெயர் வேண்டாம் என்ற வாசகி

பதில்: தங்கச்சி, இன்று ராத்திரியே மகளிடம் ஒன்றைச் சொல்லிவிடுங்கள். ‘அன்னிக்கு உன்னைத் திட்டினது என் தப்பு. நீ எழுந்து போனது சரி.’ அவ்வளவு போதும். அவள் பதில் பேசாவிட்டாலும் பரவாயில்லை. இதைச் சொல்லாமல் நீங்கள் வேறு எதைச் சொல்லிக்கொடுத்தாலும் அவள் காதில் ஏறாது. பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று காட்டினால் அம்மாவே எதிர்க்கட்சி என்றுதான் பொங்கலன்று அவள் புரிந்துகொண்டிருக்கிறாள். நாளைக்கு டியூஷனிலோ பள்ளிக்கூட வேனிலோ ஏதாவது நடந்தால், உங்களிடம் வருவதற்கு முன்னால் பத்து தடவை யோசிப்பாள்.

அந்தப் பெரியப்பா கெட்ட எண்ணத்தோடு செய்தார் என்று நான் சொல்லவில்லை. வெறும் பாசமாகவே இருக்கலாம். ஆனால் அவர் மனதில் என்ன இருந்தது என்று விசாரித்துத் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் ஒரு பெண் எழுந்து போகலாம் என்றால், அவள் எந்தக் காலத்திலும் எழுந்து போக முடியாது. அவளுக்குப் பிடிக்கவில்லை என்பதே போதுமான காரணம்.

சிரசுக்கு அவர் வரும்போது நீங்கள் சண்டை போட வேண்டாம், முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளவும் வேண்டாம். அவளைக் கூப்பிட்டு இழுத்தார் என்றால், கையில் காபி டம்ளரோடு இருந்தாலும் சரி, ‘மாமா, அவளுக்குப் பிடிக்கல, விட்டுடுங்க’ என்று சாதாரணக் குரலில் சொல்லுங்கள். மகள் காதில் விழும்படி சொல்லுங்கள். ‘அவ பெரிய பொண்ணாயிட்டா’ என்று மட்டும் காரணம் சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் அஞ்சு வயதில் யார் எப்படித் தொட்டாலும் சரிதான் என்று ஆகிவிடும். அதோடு, இப்போது வளர்ந்த தன் உடம்புதான் குற்றவாளி என்று அவள் நினைத்துக்கொள்வாள். அவர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும், அடுத்த கல்யாணத்தில் சரியாகிவிடும்.

சிரசு என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. கெங்கையம்மன் சிரசு வரும் நாளில் குடியாத்தத்தில் என்ன கூட்டம் என்று உங்களுக்கே தெரியும். அந்த நெரிசலில் கை வைக்கிறவன் இருப்பான் என்று எல்லா அம்மாக்களுக்கும் தெரியும், ஆனால் மகளிடம் யாரும் சொல்வதில்லை. ‘யாராவது கை வெச்சா திரும்பிப் பார்த்து சத்தம் போடு, கூட நிக்கிற பொம்பளைங்ககிட்ட சொல்லு’ என்று சொல்லித்தான் கூட்டிப்போக வேண்டும். அதற்கு மேல் ஒரு வாக்குறுதியும் கொடுக்க வேண்டும்: ‘என்ன நடந்தாலும் என்கிட்ட சொல்லு, அதுக்காக உன்னை அடுத்த வருஷம் திருவிழாவுக்கு அனுப்பாம இருக்க மாட்டேன்.’ நம் பெண்கள் பலர் வாயைத் திறக்காததற்குக் காரணம் வெட்கம் மட்டுமில்லை. பஸ்ஸில் ஒருத்தன் இடித்தான் என்று சொன்னால், படிப்பை நிறுத்திவிடுவார்களோ, சீக்கிரம் மாப்பிள்ளை பார்த்துவிடுவார்களோ என்ற பயம். தப்புச் செய்தவன் சுதந்திரமாகத் திரிய, சொன்னவளுக்குத் தண்டனை. இந்தக் கணக்கை 12 வயதுப் பிள்ளையும் போடும்.

ஒரு வாரம் கழித்து, அவளும் நீங்களும் மட்டும் இருக்கும்போது, அந்தப் பெரியப்பாவைப் பற்றியோ வேறு யாரைப் பற்றியோ அவளுக்கு ஏதாவது சங்கடம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். தலைமுடி பின்னும்போது கேட்பது நல்லது, முகத்தைப் பார்த்துக்கொண்டு பேச வேண்டியதில்லை. தொட்டுவிட்டு ‘யார்கிட்டயும் சொல்லாத’ என்று எந்தப் பெரியவர் சொன்னாலும், மாமாவோ வாத்தியாரோ சாமியாரோ, அது உங்களிடம் உடனே வர வேண்டிய விஷயம் என்று சொல்லிவையுங்கள். இதையே பையனிடமும் சொல்லுங்கள். பையன்களுக்கு எதுவும் நடக்காது என்ற நினைப்பில் அவர்களை நாம் கேட்பதே இல்லை.

ஏதோ நடந்திருக்கிறது என்று அவள் சொன்னால், ‘ஏன் அப்பவே சொல்லல’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். நம்புகிறேன் என்று சொல்லிவிட்டு, குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு போன் செய்யுங்கள். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012-இல் வந்த போக்சோ சட்டம் 18 வயதுக்குட்பட்ட ஆண், பெண் இருபாலருக்கும் பொருந்தும். தெரிந்தும் மறைப்பது அந்தச் சட்டப்படி குற்றம். சொந்தக்காரர், குடும்ப மானம் என்ற பேச்சு அங்கே எடுபடாது. பிள்ளையிடம் வாக்குமூலம் வாங்க வரும் போலீஸ் சீருடையில் வரக் கூடாது, ராத்திரியில் பிள்ளையை ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது, பெயரும் அடையாளமும் வெளியே வரக் கூடாது. ஊர் முழுக்கத் தெரிந்துவிடுமே என்று பயந்து உட்கார்ந்துவிடாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடெல்லாம்.

மாதவிடாய் விஷயத்துக்கு வருகிறேன். சடங்குக்குப் பந்தல் போட்டிருப்பீர்கள், பேனர் வைத்திருப்பீர்கள், தாய்மாமன் சீர் வந்திருக்கும். நாப்கினை எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னார்களா? நாலிலிருந்து ஆறு மணி நேரம். முதல் ஒன்றிரண்டு வருடம் நாள் முன்னே பின்னே வரும், பதற வேண்டாம். மூன்று மாதத்துக்கு மேல் வரவே இல்லை, ஏழு நாளைத் தாண்டியும் நிற்கவில்லை, அல்லது ஒரு மணி நேரத்திலேயே நாப்கின் நனைந்துவிடுகிறது என்றால் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். பள்ளிக்கூடத்தில் வாரம் ஒருமுறை கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையை ஜன்னல் வழியாகத் தூக்கிப்போடாமல், சாப்பிட்ட பிறகு போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

இனி உங்கள் பையன். போனைப் பிடுங்கி உடைத்தால் அவன் சிநேகிதன் போனில் பார்ப்பான். அந்த வீடியோவில் இருப்பது காசுக்கு நடிக்கிற நடிப்பு, நிஜத்தில் உடம்பும் உறவும் அப்படி இருக்காது என்று ஒருமுறை யாராவது அவனிடம் சொன்னாலே பாதி வேலை முடிந்தது. தூக்கத்தில் விந்து வெளியேறுவதும் சுய இன்பமும் வியாதியில்லை, அதனால் உடம்பு இளைக்காது, பின்னால் கல்யாண வாழ்க்கையும் கெடாது. நாம் இதைச் சொல்லாவிட்டால், ‘இளமையில் தெரியாமல் செய்த தவறா?’ என்று போஸ்டர் ஒட்டிவிட்டு லாட்ஜில் ரூம் போட்டு உட்கார்ந்திருக்கும் லேகிய வைத்தியர் சொல்லுவார். அவரிடம் ஆயிரக்கணக்கில் கட்டிவிட்டு, பயத்திலேயே படிப்பைக் கோட்டைவிட்ட பையன்கள் உண்டு.

அவனுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டியது இன்னும் இருக்கிறது. தங்கை இருக்கும் அறைக் கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஒரு பெண் வேண்டாம் என்றால் அதோடு முடிந்தது. பின்னாலேயே போய்ப் பிடிவாதமாக நின்றால் அவள் இறங்கி வருவாள் என்பது சினிமாவில்தான். வேண்டாம் என்ற பதிலை வாங்கிக்கொண்டு, இரண்டு நாள் அழுதுவிட்டு, மூன்றாம் நாள் கிரிக்கெட் ஆடப் போகிற பையனாக அவன் வளர வேண்டும். மனத் திடம் என்று பெரிய பேச்சாகப் பேசுகிறோமே, அது வேறெங்கிருந்தும் வருவதில்லை. மகளுக்கு வேண்டாம் என்று சொல்லவும் மகனுக்கு அதைக் கேட்டுக்கொள்ளவும் ஒரே வீட்டில்தான் பழக்கம் வர வேண்டும். 18 வயதுக்குள் இரண்டு பேரும் விரும்பியே எல்லை மீறினாலும் சட்டம் அந்தச் சம்மதத்தை ஏற்காது என்பதும் அவனுக்குத் தெரிந்திருக்கட்டும். யாருடைய அந்தரங்கப் படத்தையும் வைத்திருக்கவோ அனுப்பவோ கூடாது. அவன் படத்தை வைத்து யாராவது மிரட்டினால் பணம் கொடுக்கக் கூடாது, மெசேஜை அழிக்கக் கூடாது, உங்களிடம் வர வேண்டும். 1930 என்ற சைபர் கிரைம் எண்ணில் புகார் கொடுக்கலாம்.

மாமியார் பயப்படுவதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன், அவர் வளர்ந்த காலம் அப்படி. ஆனால் பாலியல் கல்வியால் பிள்ளைகள் சீக்கிரம் கெட்டுப்போவதில்லை என்று பல நாட்டு ஆய்வுகளை அலசிய யுனெஸ்கோ சொல்கிறது. பேசாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு வேலூரிலேயே கதை இருக்கிறது. எய்ட்ஸ் எல்லாம் வெளிநாட்டு வியாதி, நம் ஊரில் ஒழுக்கம் இருக்கிறது, இங்கே வராது என்று 1986 வரை பெரிய பெரிய ஆட்களே சொல்லிக்கொண்டிருந்தார்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனின் மாணவி நிர்மலா, ரத்த மாதிரிகளை எடுத்துக்கொண்டு கணவரோடு இரவு ரயில் ஏறிக் காட்பாடி வந்து, வேலூர் சிஎம்சி மருத்துவமனை ஆய்வகத்தில் பரிசோதித்தார். எய்ட்ஸை உண்டாக்கும் எச்ஐவி கிருமி இந்தியாவில் இருக்கிறது என்பது அப்போதுதான் முதன்முதலாகத் தெரிந்தது. நாம் பேசவில்லை என்பதற்காக அது வராமல் இருந்துவிடவில்லை, ஏற்கெனவே வந்திருந்தது. மாமியாரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். வயசுக்கு வந்தபோது அவர் பட்ட பாட்டைப் பேத்தியிடம் சொல்லச் சொல்லியும் கேளுங்கள். சில கிழவிகள் ஆரம்பித்தால் நம்மைவிட வெளிப்படையாகப் பேசுவார்கள்.

பையனிடம் வீட்டுக்காரர் பேசினால் நல்லது. அடுத்த மாதம் வரும்போது வண்டியில் அவனைக் கூட்டிக்கொண்டு போய்ப் பேசட்டும். அவர் கூச்சப்பட்டு நழுவினால் நீங்களே பேசிவிடுங்கள். இரண்டு நாள் உங்கள் முகத்தைப் பார்க்க மாட்டான், அவ்வளவுதான்.