80 டிகிரியில் வெட்டாத ஆர்என்ஏ நொதி

கேள்வி: வெப்பவிரும்பி பாக்டீரியாவான தெர்மோடோகா மாரிட்டிமாவின் ஆர்என்ஏஸ் பி நொதியிலுள்ள (முதிராத டிஆர்என்ஏவின் 5' முனையில் இருக்கும் கூடுதல் துண்டை வெட்டி நீக்கும் நொதி) ஆர்என்ஏவை மட்டும் தயாரித்து, முன்னோடி டிஆர்என்ஏவுடன் (அந்த முதிராத வடிவம்) 10 மில்லிமோலார் மக்னீசியத்தில், 80 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் வைத்தேன். ஜெல்லில் வெட்டுண்ட பட்டை இல்லை. கீழ்நோக்கி இழுபட்ட கறைதான் தெரிகிறது. நொதி கெட்டுவிட்டதா?

பதில்: நொதியைச் சந்தேகிப்பதற்கு முன் மக்னீசியத்தையும் வெப்பநிலையையும் மாற்றிப் பாருங்கள். முதலாவது போதவில்லை, இரண்டாவது மிகுதி.

பாக்டீரியாவின் ஆர்என்ஏஸ் பி-யில் வெட்டுவது ஆர்என்ஏதான் என்பது 1983-இலேயே நிறுவப்பட்டது. ஆனால் உயிரணுவில் அதனுடன் ஒரு சிறு புரதமும் இருக்கிறது; அது இல்லாதபோது எதிர்மின்னூட்டம் கொண்ட இரண்டு ஆர்என்ஏக்களும் ஒன்றையொன்று விலக்குவதால், அவற்றை நெருங்கவைக்க 100 மில்லிமோலார் அளவிலான மக்னீசியமும், முடிந்தால் 1 மோலார் அம்மோனியம் உப்பும் தேவைப்படும். அந்த மக்னீசியத்தோடு 80 டிகிரியில் வைத்தால் கறை இன்னும் மோசமாகும். ஏனெனில் அந்தச் சூட்டில் மக்னீசியமே ஆர்என்ஏவின் முதுகெலும்பைத் தாறுமாறாக அறுக்கும். நொதி சேர்க்காத ஒரு குழாயையும் உடன் வையுங்கள்; அதிலும் கறை வந்தால் விடை கிடைத்துவிட்டது.

80 டிகிரி அந்த நுண்ணுயிரிக்கு உகந்ததுதான். ஆனால் வெப்பவிரும்பிகளின் டிஆர்என்ஏ வேதி மாற்றங்களால் இறுக்கப்பட்டது. தெர்மஸ் தெர்மோஃபிலஸில் டிஆர்என்ஏவின் 54-ஆம் இடத்திலுள்ள யூரிடின் என்ற அலகு கந்தகம் ஏற்று மடிப்பை உறுதியாக்குவது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சோதனைக்குழாயில் படியெடுத்த உங்கள் டிஆர்என்ஏவில் அவை எதுவும் இல்லை. நொதி, டிஆர்என்ஏவின் கார வரிசையைவிட அதன் மடிந்த வடிவத்தையே அடையாளம் காண்பதால், மடிப்பு குலைந்தால் வெட்டும் நின்றுவிடும். எனவே 50 டிகிரியில் தொடங்குங்கள்.

நொதி ஆர்என்ஏவை மக்னீசியம் இல்லாத நீரில் 95 டிகிரிக்கு இரண்டு நிமிடம் சூடாக்கி ஆறவிட்டு, அதன் பின்னரே மக்னீசியக் கரைசலைச் சேர்த்து, 50 டிகிரியில் பத்து நிமிடம் மடியவிடுங்கள். இந்த வரிசை மாறக்கூடாது. டிஆர்என்ஏவைப் படியெடுத்த வார்ப்பு டிஎன்ஏவில் 3' முனையின் சிசிஏ என்ற மூன்று காரங்கள் விடுபட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். நொதி பற்றிக்கொள்ளும் கைப்பிடிகளில் அதுவும் ஒன்று.

உயிரியை மாற்றுவதாக இருந்தால் அக்விஃபெக்ஸ் அயோலிக்கஸ் வேண்டாம். அதில் இவ்வேலையை ஆர்என்ஏ இல்லாமல் ஒரு சிறு புரதமே செய்கிறது என்பது 2017-இல் தெரியவந்தது.

இன்னொன்று: கதிரியக்கக் குறியீட்டை 5' முனையில் இட்டிருந்தால், வெட்டு நடந்தாலும் முதிர்ந்த டிஆர்என்ஏ தெரியாது, குறியீடு தாங்கிய குட்டையான முன்துண்டு ஜெல்லை விட்டே ஓடியிருக்கலாம்.